அவர் பக்கத்தில் ஆக்சிலேட்டர் இல்லை

டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறியவர்களுக்குத் தெரியும். கற்றுக்கொள்பவரின் காலடியில் கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் மூன்றும் இருக்கும். பக்கத்தில் உட்காரும் மாஸ்டரின் காலடியில் கிளட்சும் பிரேக்கும் மட்டும்தான். மாஸ்டர் நினைத்தால் வண்டியை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆனால் தலைகீழாக நின்றாலும் அதை ஓர் அடி நகர்த்த முடியாது.

பிரேக் மாஸ்டர் தன் ஆயுளில் பாதியை அந்தப் பக்கத்து சீட்டில் கழித்தவர். பெயர் மாணவர்கள் வைத்தது. முன்னால் நாய் வந்தால் பிரேக், நாய் வரும் போலத் தெரிந்தால் பிரேக், நாயே இல்லாத தெருவில் இவ்வளவு நேரமாக ஏன் ஒரு நாயைக்கூடக் காணோம் என்று பிரேக். அவரிடம் படித்தவர்கள் யாரும் இதுவரை எதிலும் இடித்ததில்லை என்பது உண்மை. நேரத்துக்கு எங்கேயும் போய்ச் சேர்ந்ததும் இல்லை என்பது அவர் மனைவி சேர்த்துச் சொல்லும் உண்மை.

அந்தக் காலுக்கு விடுமுறையே கிடையாது. பஸ்ஸில் போனால் முன் சீட்டுக் கம்பியை உதைப்பார். டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபாவுக்கு முன்னால் கிடக்கும் மிதியடி நகர்ந்து நகர்ந்து சுவரோரம் போய்விடும். வேறு யாராவது ஓட்டும் வண்டியில் அவர் கண்ணை மூடினார் என்று சொல்ல ஒரு சாட்சி கிடையாது. ரயிலில்கூடத் தூங்கமாட்டார். ரயில் டிரைவர் என்ன நினைப்பில் இருக்கிறாரோ என்று அவருக்குக் கவலை.

அவருடைய அண்ணன் இதற்கு நேர்மாறு. எந்த வண்டியாக இருந்தாலும் சரி, கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அண்ணனின் தலை ஜன்னலில் சாய்ந்துவிடும், வாய் லேசாகத் திறந்துகொள்ளும். "ஓட்டுறவன் ஓட்டிட்டுப் போறான், நமக்கென்னடா?" என்பார். ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பேர் இப்படி வடக்கும் தெற்குமாகப் போனதற்கு யாரிடமும் விளக்கம் இல்லை.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கல்யாணமான புதிதில் அவளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன் பேர்வழி என்று மாஸ்டர் ஆரம்பித்தார். முதல் வாரமே, சிவப்பு சிக்னலில் நின்றுகொண்டிருந்த வண்டிக்கு அவர் ஓங்கி ஒரு பிரேக் போட்டார். "நிக்கிற வண்டிக்கு எதுக்குங்க பிரேக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் கதவைத் திறந்து இறங்கி, பின்னால் ஹாரன் அடித்தவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். அப்புறம் இரண்டு தெரு தள்ளி இருக்கும் போட்டி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள். இன்றைக்குத் தினமும் கடைக்குத் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போகிறாள். அந்தக் காரில் மாஸ்டர் ஒரு தடவைகூட அவள் பக்கத்தில் உட்கார்ந்தது கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து போவதாக இருந்தால் ஸ்டியரிங் அவர் கையில்தான் இருக்கும். அதில் பேச்சுக்கே இடமில்லை.

இனி அண்ணன் கதை. அண்ணன் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. பெருங்குடலில் புற்றுநோய். முதலில் ரத்தம் தெரிந்தபோது மூலம் என்று தானே முடிவு கட்டிக்கொண்டு, மருந்துக் கடையில் ஒரு களிம்பை வாங்கித் தடவிக்கொண்டு திரிந்தார். எதற்குமே அலட்டிக்கொள்ளாத மனுஷர் இதற்கும் அலட்டிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு அது கல்லீரல் வரைக்கும் பரவியிருந்தது. அப்போதே அங்கிருந்த டாக்டர் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கூடப்பிறந்தவங்களுக்கு இது வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். உடம்புல ஒண்ணுமே தெரியலைன்னாலும் நாற்பது தாண்டினதும் கொலோனோஸ்கோபி பண்ணிடுங்க. கேமரா வச்ச மெல்லிசு குழாயை விட்டுக் குடலை உள்ளே பார்க்கிற டெஸ்ட். தள்ளிப் போடாதீங்க."

மாஸ்டர் தலையை ஆட்டினார். அன்றிலிருந்து ஆட்டிக்கொண்டேதான் இருந்தார். முதல் தடவை தேதி வாங்கியபோது சளி. அடுத்த தடவை வகுப்புகள் அதிகம். அதற்கடுத்த தடவை ஆஸ்பத்திரி வாசல் வரை போய்விட்டு, பார்க்கிங்கில் இடமில்லை என்று திரும்பி வந்தார். டிரைவிங் மாஸ்டருக்குப் பார்க்கிங் கிடைக்கவில்லையாம்! சொந்தக்காரர்கள் ஒன்று கூடினால் இதைச் சொல்லிச் சிரிக்காமல் கலைந்ததில்லை.

மாஸ்டரும் கூடவே சிரிப்பார். உள்ளுக்குள் விஷயம் வேறு. அவருக்குக் கேமராவைக் கண்டு பயமில்லை, அது எதைப் பார்த்துவிடுமோ என்றுதான் பயம். பார்க்காதவரை ஒன்றும் இல்லை என்று ஒரு கணக்கு. அது தப்புக் கணக்கு என்பதும் அவருக்குத் தெரியும், ஏனென்றால் அதே கணக்கைப் போட்டவரைத்தான் அவர் தோள் கொடுத்துத் தூக்கினார்.

இந்த வருஷப் பிறந்தநாளன்று அண்ணியிடமிருந்து போன் வந்தது. அண்ணி எப்போதும் வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். அன்றைக்கு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"தம்பி, உங்க அண்ணனுக்குக் கண்டுபிடிச்ச வயசு உங்களுக்கு இன்னிக்கு ஆயிடுச்சு. இன்னும் அந்த டெஸ்ட் பண்ணலியாமே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. ரத்தம், வலி எதுவும் கிடையாது. நல்லாத்தான் இருக்கேன்."

"அவரும் ரொம்ப நாள் நல்லாத்தான் இருந்தார்."

மாஸ்டர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"என் வீட்டுச் சுவத்துல ஒரு போட்டோ மாட்டியிருக்கேன். அது ஒண்ணு போதும் தம்பி," என்றார் அண்ணி.

மனைவி அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். "அக்கா, நீங்க நிம்மதியா இருங்க. இந்தத் தடவை பார்க்கிங் நான் பார்த்துக்கிறேன்."

மறுநாளே தேதி வாங்கியாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டார். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று முதலில் விசாரித்தார். இல்லை என்றதும் சாப்பாட்டுக்கு வந்தார். டெஸ்டுக்கு முன்னால் சில நாட்களுக்கு விதை உள்ள காய், தோலோடு பழம், கீரை, கொட்டைப் பருப்பு எதுவும் கூடாது. டெஸ்டுக்கு முதல் நாள் திட உணவே கூடாது. வடிகட்டிய சூப், ஆப்பிள் சாறு, பால் கலக்காத டீ, தண்ணீர் மட்டும். சிவப்பு நிறத்தில் எதையும் குடிக்க வேண்டாம், உள்ளே பார்க்கும்போது ரத்தம் மாதிரி தெரியும். பேதி மருந்துப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, பாதியை முதல் நாள் சாயங்காலமும் மீதியை டெஸ்ட் அன்றைக்கு விடியற்காலையிலும் குடிக்க வேண்டும்.

"குடிச்ச பிறகு பாத்ரூம் பக்கத்துலயே இருங்க சார். எங்கேயும் போகாதீங்க," என்றார் நர்ஸ். "அப்புறம், திரும்பிப் போக உங்களோட ஒருத்தர் கட்டாயம் வரணும். தூக்க மருந்து கொடுப்போம். மறுநாள் வரைக்கும் நீங்க வண்டி ஓட்டக் கூடாது."

"நான் டிரைவிங் மாஸ்டர்மா."

"அப்ப ரூல்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லவே வேணாம் சார்."

முதல் நாள் வந்தது. காலையிலிருந்து சூப்பும் டீயுமாக ஓட்டிய மாஸ்டர், சாயங்காலம் சொன்ன நேரத்துக்கு மருந்தைக் கரைத்துக் குடித்தார். உப்புக் கரித்தது. எலுமிச்சை வாசனை என்ற பெயரில் ஏதோ ஒன்று அதில் இருந்தது. ஒவ்வொரு டம்ளருக்கும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு வழியாக உள்ளே தள்ளினார். மனைவி இன்னும் கடையிலிருந்து வரவில்லை. அந்த நேரம் பார்த்து கணக்கு டீச்சர் போன் செய்தார்.

கணக்கு டீச்சர் மாஸ்டரிடம் வண்டி பழகுபவர். வகுப்பில் அறுபது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கும் டீச்சருக்கு ஸ்டியரிங்கைத் தொட்டால் கை நடுங்கும். மறுநாள் காலை அவருக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

"மாஸ்டர், ஒரே ஒரு ரவுண்டு. உங்களோட போனாத்தான் எனக்கு தைரியம் வரும்."

வேறு யாராக இருந்தாலும் முடியாது என்று சொல்லியிருப்பார்கள். மாஸ்டர் யோசித்தார். எப்போதோ மலச்சிக்கலுக்குப் போட்ட மாத்திரை அவருக்கு மறுநாள்தான் வேலை செய்தது. தன் உடம்பில் எதுவும் அவசரப்பட்டு நடக்காது என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. ஒரு ரவுண்டுதானே என்று கிளம்பிவிட்டார். நர்ஸ் சொன்னது ஊருக்கெல்லாம் பொருந்தும், பிரேக் மாஸ்டருக்கு எப்படிப் பொருந்தும்?

போகும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. டீச்சர் இருபதைத் தாண்டாமல், ஓரமாகப் போகும் சைக்கிள்களுக்குக்கூட மரியாதை கொடுத்து ஓட்டினார். ஊர்க்கோடி ரவுண்டானாவைச் சுற்றித் திரும்பியதும் அடியிலிருந்து கடமுடவென்று ஒரு சத்தம்.

"மாஸ்டர், இன்ஜின்ல ஏதோ சத்தம் வருது."

"அது இன்ஜின் இல்ல டீச்சர்."

சத்தம் இரண்டாவது தடவை வந்தபோது மாஸ்டரின் நெற்றி வியர்த்தது. மூன்றாவது தடவை வந்தபோது சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், கொஞ்சம் வேகமா போலாம்."

"இருபதைத் தாண்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது போன வாரம்."

"மூணாவது கியர் இன்னும் நீங்க சொல்லியே கொடுக்கலியே மாஸ்டர்."

சரியாக அப்போது ஒரு பெரியவர் ரோட்டைக் கடக்க வந்தார். டீச்சர் நின்றார். பெரியவர் பெண்பிள்ளை ஓட்டுகிறதே என்று இரக்கப்பட்டு, நீ போம்மா என்று கை காட்டினார். டீச்சர் நீங்க போங்க என்று கை காட்டினார். பெரியவரும் விடுவதாக இல்லை. இந்த உபசாரம் நடந்துகொண்டிருக்கையில் மாஸ்டரின் கால் தன்னையறியாமல் கீழே எதையோ தேடித் துழாவியது. கிளட்ச் இருந்தது. பிரேக் இருந்தது. பக்கத்தில் வெறும் ரப்பர் மேட். இத்தனை வருஷம் உட்கார்ந்த சீட்டில் என்ன இல்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. எழுந்து இடம் மாறலாம் என்றால், எழுவதைப் பற்றி அந்த நிலைமையில் நினைக்கவே கூடாது.

இனி வெட்கப்பட்டுப் பிரயோஜனமில்லை.

"டீச்சர், நாளைக்கு எனக்குக் குடல் டெஸ்ட். வயித்தைச் சுத்தம் பண்ற மருந்து குடிச்சிருக்கேன். அது இப்ப கிளம்பிடுச்சு."

டீச்சர் அவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "எவ்வளவு நேரம் தாங்கும்?"

"கணக்கெல்லாம் போடாதீங்க டீச்சர். ஓட்டுங்க!"

டீச்சருக்கு எங்கிருந்து அவ்வளவு வேகம் வந்தது என்று தெரியவில்லை. பெரியவருக்கு ஒரு ஹாரன். சொல்லிக்கொடுக்காத மூன்றாவது கியர் தானாக விழுந்தது. முன்னால் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு லாரியை இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, புத்தகத்தில் போட்டிருக்கும் மாதிரி அழகாக ஓவர்டேக் செய்தார். பெட்ரோல் பங்க்குக்குள் நுழைந்து கழிப்பறை வாசலில் கோடு போட்ட மாதிரி நிறுத்தினார். கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி பங்க் ஆபீஸில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டையில் கட்டித் தொங்கியது. அதை டீச்சரே ஓடிப்போய் வாங்கி வந்து நீட்டினார். மாஸ்டரின் மானம் மயிரிழையில் தப்பியது.

உள்ளே போனவர் சுலபத்தில் வெளியே வரவில்லை. வந்தவரும் திரும்ப உள்ளே போனார். கடைசியில் சீட்டில் ஒரு பழைய துணியை விரித்து உட்கார வைத்து, அவர் வீடு வரைக்கும் டீச்சரே ஓட்டிவந்தார். வழி முழுவதும் மாஸ்டர் ஒரு தடவைகூடப் பிரேக் போடவில்லை. பிரேக் போடும் வசதியெல்லாம் அவசரமில்லாதவர்களுக்குத்தான்.

வீட்டு வாசலில் இந்தக் கோலத்தைப் பார்த்த மனைவி, டீச்சர் போகும்வரை வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். டீச்சர் தலை மறைந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாஸ்டர் அதைக் கேட்க அங்கே இல்லை. பாத்ரூமுக்குள் இருந்தார்.

விடியற்காலையில் மனைவி மீதி மருந்தைக் கரைத்து நீட்டியபோது மாஸ்டர் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"உள்ளே இனிமே போறதுக்கு என்னம்மா இருக்கு? நேத்தே எல்லாம் போயிடுச்சு."

"பாதி துடைச்ச கண்ணாடியில என்னங்க தெரியும்? குடிங்க. சரியா சுத்தமாகலைன்னா இன்னொரு நாள் முதல்லேர்ந்து குடிக்கச் சொல்வாங்க."

அந்தக் கடைசி வாக்கியம் வேலை செய்தது. குடித்தார். வயிறு எரிந்தது, பின்பக்கமும் எரிந்தது. மனைவி மென்மையான துடைக்கும் காகிதமும் வாஸ்லினும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தாள். போகப்போக வெளியே வந்ததெல்லாம் வெளிர் மஞ்சள் தண்ணீராகிவிட்டது. அப்படி ஆனால்தான் குடல் தயார் என்று அர்த்தம்.

பாத்ரூம் கதவுக்கு இந்தப் பக்கம் மனைவி ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, இருக்கியா?"

"இருக்கேங்க."

குழாயை மூடும் சத்தம் கேட்டது. அப்புறம் மாஸ்டர் சொன்னார், "எனக்குப் பயமா இருக்கும்மா. அண்ணனுக்கு இருந்தது எனக்கும் இருந்துட்டா என்ன பண்றது?"

இத்தனை வருஷத்தில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு கதவு குறுக்கே தேவைப்பட்டிருக்கிறது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள் அவள்.

"பார்த்தா தெரியலியே."

"ரெண்டு பேரும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு இருந்தா வண்டியை யாருங்க நகர்த்துறது?"

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதாவது தானே ஓட்டுகிறேன் என்று மாஸ்டர் ஒரு முயற்சி செய்து பார்த்தார். "நடுவழியில நேத்து மாதிரி வந்துட்டா?" என்று கேட்டு மனைவி சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். வேறு வழியில்லாமல் ஏறினார், ஆனால் அவள் பக்கத்தில் இல்லை, பின் சீட்டில். அங்கிருந்தும் கால் சும்மா இருக்கவில்லை. சிக்னலுக்குச் சிக்னல் அவள் முதுகில் ஓர் உதை விழுந்தது. பார்க்கிங்கில் இடம் தாராளமாக இருந்தது.

உள்ளே உடையை மாற்றச் சொன்னார்கள். கொடுத்த அங்கிக்கு முதுகுப் பக்கம் முழுக்கத் திறப்பு. ஒரு கையால் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தார். கையில் ஊசி ஏற்றி, விரல் நுனியில் ஒரு கிளிப் மாட்டினார்கள். டாக்டர் வந்தார். இளம் பெண், பேச்சில் அவசரமில்லை.

"இடது பக்கமாத் திரும்பி, முழங்காலை மடக்கிப் படுக்கணும். தூக்க மருந்து போட்டதும் உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. குடல் விரிஞ்சாத்தான் மடிப்புக்குள்ள பார்க்க முடியும், அதுக்காகக் கொஞ்சம் காத்து விடுவோம். பாலிப்னு சொல்ற சின்னச் சதை முளை ஏதாவது இருந்தா அங்கேயே கம்பி வளையத்தை மாட்டி எடுத்துடுவோம். வலிக்காது."

"ஏதாவது ஆபத்து, டாக்டர்?"

"ரத்தக் கசிவோ, குடல்ல சின்ன ஓட்டையோ விழலாம். ரொம்ப அபூர்வம். பார்க்காம விடறதுலதான் உங்களுக்கு ஆபத்து அதிகம்."

மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். அறைக்குள் ஒரு பெரிய திரை, மெலிதாக பீப் பீப் என்று ஒரு இயந்திரம், நல்ல குளிர். திரும்பிப் படுத்தார். கட்டில் லேசாக ஆடியது.

"சார், கால் எதை மிதிக்குது?"

"பழக்கம் டாக்டர். மன்னிச்சுக்குங்க."

டாக்டர் சிரித்தார். "இங்க நான்தான் ஓட்டறேன். நீங்க தூங்குங்க."

முடியாது என்று சொல்லத்தான் மாஸ்டர் வாயைத் திறந்தார்.

கண் விழித்தபோது வேறு இடத்தில், ஒரு திரைச்சீலைக்குப் பக்கத்தில் இருந்தார். மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப ஆரம்பிப்பாங்களாம்?"

"முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சுங்க."

மாஸ்டர் நம்பவில்லை. இதற்காகவா அத்தனை வருஷம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்துக்கொண்டார். வயிறு மட்டும் பலூன் மாதிரி உப்பியிருந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "காத்தை அடக்காதீங்க சார், தாராளமா விடுங்க. இந்த வார்டுல அதுக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க," என்றார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருந்த முகம் தெரியாத மனுஷர் ஏற்கெனவே அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிந்துகொண்டிருந்தார். மாஸ்டரும் கலந்துகொண்டார்.

டாக்டர் ஒரு படத்தோடு வந்தார். "ரெண்டு பாலிப் இருந்தது. ஒண்ணு மிளகு அளவு. இன்னொண்ணு கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். ரெண்டையும் எடுத்தாச்சு. பார்வைக்கு மோசமாத் தெரியலை, ஆனா லேப் ரிசல்ட் வந்தாத்தான் உறுதியாச் சொல்லுவேன்."

மாஸ்டர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இளஞ்சிவப்பாகப் பளபளக்கும் சுவரில் ஒரு சின்னக் காளான். "இதை விட்டிருந்தா?"

"எல்லா பாலிப்பும் மாறாது. ஆனா இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படி ஒண்ணுலேர்ந்துதான் ஆரம்பிக்குது. மாறுறதுக்கு வருஷக்கணக்கா ஆகும். அதுக்கு முன்னாடி எடுத்துட்டா அது அதோட போச்சு."

"அப்ப எங்க அண்ணனுக்கும்…"

"இருந்திருக்கும் சார். ஒரு காலத்துல இவ்வளவு சின்னதா இருந்திருக்கும்."

மாஸ்டர் அழுதார். தனக்காக இல்லை. கட்டைவிரல் நகம் அளவு. யாராவது அன்றைக்குப் பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை. அண்ணன் மாலையில் வீட்டுக்கு வந்து சூப் குடித்திருப்பார். மனைவி அவர் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். தூக்க மருந்தின் வேலை, சிலர் இப்படித்தான் அழுவார்கள் என்றார் நர்ஸ். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று மாஸ்டரும் விட்டுவிட்டார்.

திரும்பும்போதும் பின் சீட்டில் படுத்துக்கொண்டுதான் வீடு வந்தார். மருந்து முழுதாக இறங்காத நிலையில், இண்டிகேட்டர் போடு, கண்ணாடி பார் என்று வழியெல்லாம் வகுப்பெடுத்தாராம். அவருக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

ரிசல்ட் வரும்வரை வீட்டில் இரண்டு பேரும் சாதாரணமாக இருப்பது போல நடந்துகொண்டார்கள். போன் அடிக்கும்போது மட்டும் வேஷம் கலைந்தது. நடுவில் கணக்கு டீச்சர் லைசென்ஸோடு வந்துவிட்டுப் போனார். "இவ்வளவு தைரியமா ஓட்ட யார் சொல்லிக்கொடுத்ததுன்னு இன்ஸ்பெக்டர் கேட்டார் மாஸ்டர். உங்க வயிறுன்னு எப்படிச் சொல்றது?" மாஸ்டர் அன்றைக்கு மனசுவிட்டுச் சிரித்தார். டீச்சர் படியிறங்கியதும் மறுபடியும் போனைப் பார்த்தார்.

அது ஒரு சாயங்காலம் அடித்தது. மனைவியும் பக்கத்தில் இருந்தாள். டாக்டரே பேசினார். புற்றுநோய் இல்லை. பெரியது மட்டும் விட்டால் மாறக்கூடிய ரகம், ஆனால் முழுதாக வந்துவிட்டது. மூன்று வருஷம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். மறக்கக் கூடாது. மாஸ்டர் திரும்பத் திரும்ப நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணிகிட்ட போன்ல சொல்ல வேணாம்மா," என்றார். "நேர்ல போய்ச் சொல்லணும்."

மனைவி சாவியை எடுத்து அவரிடம் நீட்டினாள். இப்போது ஓட்டக் கூடாது என்று எந்த நர்ஸும் சொல்லவில்லை. மாஸ்டர் சாவியைப் பார்த்தார், வாங்கவில்லை. காரைச் சுற்றிப் போய், பின் கதவையும் விட்டுவிட்டு, முன் கதவைத் திறந்து அவள் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மனைவி ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். "பெல்ட்டு," என்றாள். அவர் மாட்டிக்கொண்டார்.

முதல் திருப்பத்தில் அவர் கால் பழக்கப்படி அழுத்தியது. கீழே ஒன்றும் இல்லை. ஆனாலும் வண்டி மெதுவானது, ஏனென்றால் ஓட்டுகிறவளுக்கும் கண் இருக்கிறது, கால் இருக்கிறது. அடுத்த திருப்பத்திலும் அப்படித்தான். அதற்கப்புறம் பக்கத்திலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. வீதி விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. அவள் திரும்பிப் பார்க்காமலே ஓட்டினாள்.

கார் வந்து நின்ற சத்தம் கேட்டு அண்ணி வாசலுக்கு ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லக்கா. புற்றுநோய் இல்லை. எடுத்துட்டாங்க. மூணு வருஷம் கழிச்சுத்தான் வரச் சொல்லியிருக்காங்க."

அண்ணி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கே அவர்?" என்றார்.

மனைவி காரைக் காட்டினாள். அண்ணி பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். மாஸ்டரின் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கால் இரண்டும் ரப்பர் மேட் மேல் சும்மா கிடந்தன.

"எழுப்பட்டுமா அக்கா?"

"வேணாம்," என்றார் அண்ணி. "அவங்க அண்ணன் இப்படித்தான் தூங்குவார். நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்."